பால்மர விதை: திருட்டா, தேட்டமா?

நெகிரி செம்பிலானில் ரந்தாவ், சிலியாவ், லாபு, பகாவ் பக்கத்துத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களைக் கேட்டால், பால்மரத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார்கள். விடியும் முன்னே பெரட்டு, தலையில் கட்டிய விளக்கு, நிரை நிரையாக மரங்கள், மங்கில் சொட்டும் பால், மழை வந்தால் பறிபோகும் அன்றைய சம்பளம் என்று கதை நீளும். ஆனால், "இந்த மரம் இந்த நாட்டுக்கு எப்படி வந்தது?" என்று பேரப்பிள்ளை கேட்டுவிட்டால், "வெள்ளைக்காரன் கொண்டுவந்தான்" என்ற இரண்டே சொல்லில் பதில் முடிந்துவிடும்.

அந்த இரண்டு சொல்லுக்குள் ஒரு பெரிய விவகாரம் அடங்கியிருக்கிறது. ஒரு நாட்டின் தொழில் இரகசியத்தை இன்னொரு நாடு ஆள் வைத்து, பணம் கொடுத்து எடுத்துக்கொள்வது பற்றி இன்று உலகம் முழுவதும் பேச்சு நடக்கிறது. கணினிச் சில்லு, மருந்து, விதை, மின்கலம் என்று எதையெடுத்தாலும் உளவு பார்த்ததாகப் புகார். இதெல்லாம் வல்லரசுகளின் சண்டை, நமக்கென்ன என்று பலர் நினைக்கலாம். ஆனால் நெகிரி செம்பிலான் தோட்டங்களே அப்படிப்பட்ட ஒரு செயலின் விளைவாக உருவானவைதாம்.

அரசாங்கம் கொடுத்த கூலி

19ஆம் நூற்றாண்டில் ரப்பர் என்றால் பிரேசில். அமேசான் காட்டில் தானாக வளர்ந்த மரங்களிலிருந்து பால் எடுத்து, புகையில் உருட்டிக் கட்டியாக்கி, உலகத்துக்கு விற்றார்கள். தொழிற்சாலைகள் பெருகப் பெருக ரப்பரின் தேவையும் பெருகியது. அந்தப் பொருள் தன் ஆட்சிக்குட்பட்ட மண்ணில் விளைய வேண்டும் என்று பிரிட்டிஷ் அரசாங்கம் விரும்பியது.

இலண்டனில் இந்தியாவின் நிர்வாகத்தைக் கவனித்த இந்தியா அலுவலகம் இதில் இறங்கியது. அங்கே அதிகாரியாக இருந்த கிளமென்ட்ஸ் மார்க்கம், கியூ தாவரவியல் பூங்காவின் தலைவர் ஜோசப் ஹூக்கர் ஆகிய இருவரும் திட்டம் வகுத்தார்கள். அமேசான் கரையில் சந்தாரெம் ஊருக்கு அருகில் குடியிருந்த ஹென்றி விக்ஹாம் என்ற ஆங்கிலேயருக்குப் பொறுப்பு கொடுக்கப்பட்டது. ஆயிரம் விதைக்குப் பத்து பவுண்ட் கூலி.

1876ஆம் ஆண்டில் விக்ஹாம் சுமார் 70,000 விதைகளைத் திரட்டினார். ரப்பர் விதை எண்ணெய்ப் பசை உள்ளது; சில வாரங்களிலேயே முளைக்கும் சக்தியை இழந்துவிடும். ஆகவே 'அமேசானாஸ்' என்ற கப்பலில் அவசரமாக ஏற்றினார். பெலெம் துறைமுகத்தில், அரச பூங்காவுக்குப் போகும் மென்மையான தாவர மாதிரிகள் என்று சொல்லி அனுமதி பெற்றார். ஜூன் மாதம் விதைகள் கியூ பூங்காவை அடைந்தன. முளைத்தவை சுமார் 2,700 மட்டுமே.

அதே ஆண்டில் ஏறக்குறைய 1,900 கன்றுகள் இலங்கைக்குப் போயின. கம்பகாவுக்கு அருகில் ஹெனரத்கொட தோட்டத்தில் அவை வளர்ந்தன. 1877ல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் சில பேராக்கில் கோலகங்சாரில் நடப்பட்டன. இன்று மலேசியாவில் காணும் பால்மரங்களில் பெரும்பாலானவை விக்ஹாம் கொண்டுவந்த அந்த ஒரே தொகுதி விதைகளின் வாரிசுகள்.

விக்ஹாமுக்கு முன்னும் இது நடந்ததுண்டு. 1848ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக ராபர்ட் பார்ச்சூன் சீனர் போல வேடம் போட்டு, தேயிலைக் கன்றுகளையும் தேயிலை பக்குவம் தெரிந்த ஆட்களையும் இமயமலை அடிவாரத்திற்குக் கொண்டுவந்தார். 1860ல் இதே கிளமென்ட்ஸ் மார்க்கம் தென்னமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த கொய்னா மரம் நீலகிரி மலையில் நடப்பட்டது. மலைக்காய்ச்சலுக்கு மருந்து தரும் மரம் அது. ஆக, இது தனி ஒருவரின் ஆசையில் நடந்த காரியமல்ல. அரசாங்கத்தின் கொள்கையாகவே இருந்தது.

திருட்டு என்று சொல்லலாமா?

இங்கேதான் இரு கட்சிகள் பிரிகின்றன.

ஒரு சாரார் சொல்வது: அன்றைய பிரேசிலில் ரப்பர் விதையை வெளியே கொண்டுபோகக் கூடாது என்று சட்டம் இல்லை. சட்டம் இல்லாத இடத்தில் திருட்டு எப்படி வரும்? விதையைச் சேகரிக்க உள்ளூர் மக்களே கூலிக்கு உதவினார்கள். தான் ஏதோ பெரிய சாகசம் செய்தது போல விக்ஹாம் பிற்காலத்தில் மிகைப்படுத்தி எழுதியதால்தான் இந்தக் கதைக்குக் கடத்தல் வாசனை வந்தது. பிரேசிலும் வெளிநாட்டிலிருந்து வந்த காப்பிச் செடியால்தானே பணக்கார நாடானது?

மற்றொரு சாரார் சொல்வது: சட்டம் இல்லை என்பதால் நியாயம் இல்லை என்றாகிவிடுமா? உண்மையான நோக்கத்தைத் துறைமுகத்தில் சொல்லியிருந்தால் விதை கப்பல் ஏறியிருக்குமா? ஒரு வட்டாரமே நம்பி வாழும் தொழிலை, ஓர் அரசாங்கம் பணம் கொடுத்து மறைவாக இடம் மாற்றினால், அதற்கு வேறு என்ன பெயர்?

இரு கட்சியிலும் உண்மை இருக்கிறது. ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனியின் இரகசியத்தை எடுத்தால், பிடிபட்டால் வழக்கு, அபராதம், சிறை. அரசாங்கமே பின்னால் நின்றால் கதை வேறு. பணம் கருவூலத்திலிருந்து வருகிறது. அரசாங்க அலுவலகங்களும் பூங்காக்களும் உதவிக்கு நிற்கின்றன. செய்தவருக்குத் தன் நாட்டில் தண்டனை இல்லை, மரியாதை உண்டு. விக்ஹாமுக்கு 1920ல் 'சர்' பட்டமே கிடைத்தது.

விதை மட்டும் போதவில்லை

விதை வந்தவுடனே தோட்டம் எழும்பிவிடவில்லை. ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ரப்பரை யாரும் பெரிதாகச் சீந்தவில்லை. சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவுக்கு 1888ல் வந்த ஹென்றி ரிட்லி, ரப்பர் நடுங்கள் என்று சட்டைப்பையில் விதையோடு தோட்ட துரைமார்களை விரட்டிக்கொண்டே இருந்தார். அவருக்குப் 'பைத்தியக்கார ரிட்லி' என்று பெயர் வைத்தார்கள்.

பிரேசிலில் மரத்தைச் சிறு கோடரியால் கொத்திப் பால் எடுத்தார்கள். மரம் புண்ணாகிப் போகும். ரிட்லி வேறு முறையைக் கண்டார். பட்டையை மெல்லிசாகச் சீவி, அதே வெட்டை அடுத்த நாள் மறுபடி சீவினால் பால் கூடுதலாக வருகிறது, பட்டையும் மீண்டும் வளர்கிறது. தோட்டத்து மக்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்த பால்வெட்டு வேலையின் அடிப்படை இதுதான்.

1896ல் மலாக்காவில் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் என்ற வர்த்தகர் ரப்பரைப் பெரிய அளவில் நட்டார். அடுத்த மாநிலமான நெகிரி செம்பிலானில் அன்று சுங்கை ஊஜோங் வட்டாரத்தில் காப்பித் தோட்டங்கள் இருந்தன. 1890களின் பிற்பகுதியில் காப்பி விலை சரிந்தது. காரணம் என்ன தெரியுமா? பிரேசில் அளவுக்கு மீறிக் காப்பியை விளைவித்து உலகச் சந்தையில் கொட்டியதுதான். பிரேசிலின் காப்பியால் நொடித்த தோட்டக்காரர்கள், பிரேசிலின் மரத்தையே நட்டுத் தப்பித்தார்கள்.

1910ல் இலண்டன் சந்தையில் ஒரு பவுண்ட் ரப்பர் 12 ஷில்லிங்கைத் தாண்டியது. மோட்டார் வண்டிகள் பெருகிய காலம். காடு வெட்டவும், கன்று நடவும், பால் எடுக்கவும் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து கங்காணி வழியாக ஆயிரமாயிரம் பேர் வந்து இறங்கினார்கள். 1913ல் ஆசியத் தோட்டங்களின் ரப்பர், காட்டு ரப்பரை மிஞ்சியது. விதை கப்பல் ஏறி 37 ஆண்டுகளில் பிரேசிலின் ரப்பர் செல்வம் சரிந்தது. காட்டுக்கு நடுவே மனாவ்சில் ரப்பர் பணத்தில் எழுப்பி 1896ல் திறந்த பிரம்மாண்டமான இசை நாடக அரங்கு மட்டும், அந்தக் காலத்துக்குச் சாட்சியாக இன்றும் நிற்கிறது.

இதிலே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிரேசில் தோற்றது விதை போனதால் மட்டுமல்ல. அமேசானில் பால்மரத்தை நெருக்கி நட்டால், தென்னமெரிக்க இலைக்கருகல் நோய் என்ற பூஞ்சண நோய் தோட்டத்தையே அழித்துவிடும். கார் உற்பத்தியாளர் ஹென்றி போர்டு 1928ல் அங்கே 'போர்ட்லாண்டியா' என்ற பெரிய தோட்டத்தைத் தொடங்கினார். பணத்தைக் கொட்டியும் நோய் விடவில்லை. 1945ல் போர்டு நிறுவனம் அதைக் கைவிட்டது. அந்த நோய் ஆசியாவுக்குக் கப்பல் ஏறி வரவில்லை. இங்கே தோட்டம் செழித்ததற்கு அதுவும் ஒரு பெரிய காரணம்.

எடுத்தவர் போட்ட பூட்டு

இன்னொரு வேடிக்கையும் நடந்தது. விதையை எடுத்துவந்தவர்களே பிறகு கதவைப் பூட்டினார்கள். 1934ல் பிரிட்டன், நெதர்லாந்து முதலான நாடுகள் சேர்ந்து அனைத்துலக ரப்பர் கட்டுப்பாட்டு ஒப்பந்தம் செய்தன. விதை, மொட்டு, கிளை என்று மரத்தை மறுபடி உண்டாக்கக்கூடிய எதையும் ஒப்பந்தத்துக்கு வெளியே ஏற்றுமதி செய்யக் கூடாது என்று தடை விதித்தன. ஒரு காலத்தில் 'சட்டம் இல்லையே' என்று சொல்லி எடுத்தவர்கள், தங்கள் பொருள் என்றானதும் சட்டம் போட்டார்கள்.

பூட்டு எவ்வளவு காலம் காத்தது? 1942ல் ஜப்பானியர் மலாயாவைப் பிடித்தபோது அமெரிக்காவுக்கு ரப்பர் வரத்து நின்றது. அமெரிக்கா ஓய்ந்துவிடவில்லை. அரசாங்கப் பணத்தில் செயற்கை ரப்பர் ஆலைகளை அவசரமாகக் கட்டியது. இன்று உலகம் பயன்படுத்தும் ரப்பரில் ஏறக்குறைய பாதி செயற்கை ரப்பர். மரத்தைப் பூட்டி வைத்தாலும், அடுத்தவர் மாற்று வழியைக் கண்டுபிடித்துவிடுவார் என்பதற்கு இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

மறுபடியும் அதே வாசலில்

இந்தக் கதையின் மிக முக்கியமான பகுதி 1981ல் நடந்தது. பலருக்கும் தெரியாத பகுதியும் இதுதான்.

ஒரே தொகுதி விதையிலிருந்து வந்த மரங்கள் என்றால், எல்லாம் ஒரே குடும்பம். ஒன்றைத் தாக்கும் நோய் எல்லாவற்றையும் தாக்கும். இலைக்கருகல் நோய் ஒருநாள் ஆசியாவுக்குள் நுழைந்துவிட்டால் என்ன ஆகும் என்ற பயம் ரப்பர் ஆராய்ச்சியாளர்களுக்கு எப்போதும் உண்டு. மரத்தின் இனத்தை வலுப்படுத்த வேண்டுமானால் புதிய இரத்தம் வேண்டும். அது இருக்கும் ஒரே இடம் அமேசான் காடு.

இந்த முறை யாரும் மறைவாகப் போகவில்லை. அனைத்துலக ரப்பர் ஆராய்ச்சி மேம்பாட்டு வாரியம் பிரேசில் அரசாங்கத்தோடு பேசி உடன்பாடு செய்துகொண்டது. இரு தரப்பு ஆய்வாளர்களும் சேர்ந்து ஆக்ரே, ரொண்டோனியா, மாத்தோ குரோசோ மாநிலங்களின் காடுகளில் 64,000க்கும் மேற்பட்ட விதைகளைச் சேகரித்தார்கள். பாதி பிரேசிலிலேயே தங்கியது. மீதியில் நான்கில் மூன்று பங்கு மலேசியாவுக்கும், ஒரு பங்கு ஆப்பிரிக்காவில் ஐவரி கோஸ்ட் நாட்டுக்கும் போயின.

1876ல் ஏறக்குறைய 70,000 விதை. 1981ல் 64,000 விதை. எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் இல்லை. முதல் முறை ஒருவர் வாழ்ந்தார், ஒருவர் வீழ்ந்தார். இரண்டாவது முறை இருவர் கையிலும் விதை இருந்தது. கேட்காமல் எடுத்தது நூறாண்டுக்குப் போதவில்லை. கடைசியில் அதே வாசலில் நின்று கேட்டுத்தான் பெற வேண்டியிருந்தது.

செம்பனையிலும் இப்படி நடந்தது. இன்று நெகிரி செம்பிலான் தோட்டங்களில் பெரும்பகுதி செம்பனைதான். ஒரு காலத்தில் செம்பனைப் பூக்களுக்குத் தோட்டத்துத் தொழிலாளர்கள் கையால் மகரந்தப் பொடி தூவ வேண்டியிருந்தது. 1981ல் கேமரூன் நாட்டிலிருந்து, இரு அரசாங்கங்களின் ஒப்புதலோடும் நோய்த்தடுப்புப் பரிசோதனைகளுக்குப் பிறகும், ஒரு சின்ன வண்டு கொண்டுவரப்பட்டது. அந்த வண்டு மகரந்தம் சுமக்கும் வேலையை எடுத்துக்கொண்டது, விளைச்சலும் கூடியது.

நாடுகள் என்ன செய்ய வேண்டும்?

முதலாவது, சட்டம் முன்கூட்டியே இருக்க வேண்டும். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் பயன்படாது. 1992ல் உருவான உயிரியல் பன்முக ஒப்பந்தம், ஒரு நாட்டின் தாவரமும் உயிரினமும் அந்த நாட்டின் உரிமைக்குட்பட்டவை என்று சொன்னது. 2010ல் நகோயா நெறிமுறை, அனுமதி பெற்று எடு, வரும் பலனில் பங்கு கொடு என்று விதித்தது. மலேசியாவில் இதற்கான சட்டம் 2017ல் இயற்றப்பட்டு, 2020 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. புதிய பயிர் வகைகளைக் காக்கும் சட்டம் 2004லேயே வந்துவிட்டது.

இரண்டாவது, ஆதாரத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும். காயத்துக்கு மஞ்சள் பூசுவதற்கு அமெரிக்காவில் 1995ல் காப்புரிமை கொடுக்கப்பட்டது. நம் பாட்டிமார்களுக்கெல்லாம் தெரிந்த கைவைத்தியம் அது. இந்தியாவின் அறிவியல் தொழில் ஆராய்ச்சி மன்றம் பழைய நூல்களைச் சான்றாகக் காட்டி வாதாடியது; 1997ல் அந்தக் காப்புரிமை ரத்தானது. எழுதி வைத்த அறிவுதான் வழக்கில் நிற்கிறது.

மூன்றாவது, சொந்த ஆராய்ச்சி. 1925ல் தொடங்கிய ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் உருவாக்கிய ஒட்டுரக மரங்களும், 1965ல் வந்த மலேசிய ரப்பர் தர முத்திரையும் இந்த நாட்டுக்குக் கொடுத்த பலம் பெரிது. 2013ல் மலேசிய செம்பனை வாரியத்தின் ஆய்வாளர்கள் செம்பனையின் மரபணுத் தொகுதியைப் படித்து உலகறிய வெளியிட்டார்கள். நேற்றைய இரகசியத்தை ஒருவன் எடுத்துப் போகலாம். நாளைக்குப் புதிதாகக் கண்டுபிடிக்கும் திறமையை எடுத்துப் போக முடியாது.

நான்காவது, இணையப் பாதுகாப்பு. இன்று விதையைப் பெட்டியில் அடைக்க வேண்டியதில்லை. விதையின் இரகசியத்தைக் கணினி வழியாகவே எடுத்துவிடலாம். வணிக இலாபத்துக்காக இணையத் திருட்டில் ஈடுபடுவதில்லை என்று 2015ல் அமெரிக்காவும் சீனாவும் வாக்குக் கொடுத்துக்கொண்டன. ஆனாலும் புகார்கள் ஓயவில்லை. மலேசியாவின் இணையப் பாதுகாப்புச் சட்டம் 2024 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. நாட்டுக்கு உயிர்நாடியான 11 துறைகளை அது பட்டியலிடுகிறது. வங்கி, தற்காப்பு ஆகியவற்றோடு 'விவசாயமும் தோட்டத் துறையும்' அதில் ஒன்று. தோட்டம் என்றால் மண்வெட்டியும் வாளியும் மட்டுமல்ல என்பதை அரசாங்கமே ஒப்புக்கொண்டிருக்கிறது.

ஐந்தாவது, குற்றவாளியைப் பிடி, இனத்தைப் பிடிக்காதே. 2011ல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் விதை நிறுவனத்தின் சோள வயலில் ஒருவர் விதை தோண்டி எடுத்ததாகச் சந்தேகம் எழுந்தது. ஆண்டுக்கணக்கில் விசாரித்து, ஆதாரம் காட்டி, 2016ல் மூன்றாண்டுச் சிறை விதித்தார்கள். அது சரியான வழி. ஆனால் 2018ல் அதே அமெரிக்கா சீன உளவுக்கு எதிராகத் தொடங்கிய தனி நடவடிக்கை, சீன வம்சாவளி ஆய்வாளர்களையெல்லாம் சந்தேகப்பட வைக்கிறது என்ற கண்டனத்துக்கு உள்ளாகி 2022ல் கைவிடப்பட்டது. பல இனத்தவர் கூடி வாழும் மலேசியாவுக்கு இந்தப் பாடம் மிக அவசியம்.

பலன் யாருக்கு?

கடைசியாக ஒரு கேள்வி. பிரேசிலின் விதை இலண்டனைப் பணக்கார நகரமாக்கியது. தோட்டக் கம்பெனிகளின் பங்குதாரர்களை வாழவைத்தது. மரத்தைச் சீவிய கைகளுக்கு என்ன வந்தது? லயத்தில் ஓர் அறையும், நாள் சம்பளமும். 1930களின் விலை வீழ்ச்சியில் ஆயிரக்கணக்கானோர் இந்தியாவுக்கே திருப்பி அனுப்பப்பட்டார்கள். பிறகு செம்பனை வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பல குடும்பங்கள் பிறந்த மண்ணை விட்டு வெளியேறின.

இன்று செனவாங், நீலாய், செண்டாயான் தொழிற்பேட்டைகளில் தோட்டத்து மக்களின் பேரப்பிள்ளைகள் வேலைக்குப் போகிறார்கள். தாத்தா கையில் பால்வெட்டும் கத்தி இருந்தது. பேரன் கையில் தொழிற்சாலையின் நுழைவு அட்டை இருக்கிறது. அந்தத் தொழிற்சாலைகளில் இருக்கும் வரைபடமும் செய்முறையும்தான் இன்றைய ரப்பர் விதை. நல்ல சம்பளமும் மரியாதையும் கிடைக்கும் இடத்தில் வேலை செய்பவன் அந்த இரகசியத்தைத் தன் சொத்து போலக் காப்பான். பங்கு கிடைக்காதவனிடம் விசுவாசத்தை மட்டும் எதிர்பார்க்கும் சட்டம், ஓட்டை வாளியில் பால் சேர்ப்பது போன்றது.

பேரப்பிள்ளை அடுத்த முறை கேட்டால், பதில் இரண்டு சொல்லோடு நிற்க வேண்டாம். "ஒரு முறை கேட்காமல் எடுத்தார்கள், ஒரு முறை கேட்டு வாங்கினார்கள்; இரண்டு முறையும் நட்டு வளர்த்தது நம் கைகள்தான்" என்று சொல்லலாம்.